‘அறுபது வருஷமா இவங்களுக்கு இங்கிலீஷ் வரலையா?’

கேள்வி: வேளச்சேரியிலிருந்து ஃப்ளோரிடாவில் மயாமி பக்கம் டோரல் என்ற ஊருக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. கணவருக்கு ஐ.டி. வேலை. மகனுக்கு மூன்று வயது எட்டு மாதம். அவன் போகும் டே கேரில் சமைப்பவர் முதல் டீச்சர் வரை எல்லோரும் ஸ்பானிஷ்தான். வீட்டுக்கு வந்து ‘அம்மா, லெச்சே (பால்) குடு’, ‘சியாவுல உக்காரு’ என்கிறான். இங்கிலீஷில் ஒரு முழு வாக்கியம் வரவில்லை. வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு இங்கிலீஷ் மட்டும் பேசலாம் என்கிறார் கணவர். பப்ளிக்ஸ் போனால் பில் போடும் பெண் என் முகத்தைப் பார்த்ததுமே ஸ்பானிஷில் ஆரம்பிக்கிறாள். இங்கிலீஷில் பதில் சொன்னால் முகம் வாடுகிறது. பார்க்கில் அம்மாக்கள் தங்களுக்குள் பேசிச் சிரிக்கிறார்கள், நான் தனியாக உட்கார்ந்திருக்கிறேன். சென்னைக்கு வேலைக்கு வரும் வடநாட்டுப் பசங்களே ஆறு மாதத்தில் தமிழ் பேசுகிறார்கள். அறுபது வருஷமா இவங்களுக்கு இங்கிலீஷ் வரலையா? என்ன திமிர்! டே கேரை மாற்றட்டுமா, டாம்பா பக்கம் வீடு பார்க்கட்டுமா? இங்கிலீஷ்தான் ஆட்சிமொழி என்று சட்டம் வந்துவிட்டதாமே, அதைச் சொல்லி டே கேரில் கேட்கலாமா?
- பெயர் வேண்டாம், டோரல்

பதில் (தென் ஃப்ளோரிடாவில் பணிபுரியும் ஸ்பீச் தெரபிஸ்ட்):

சகோதரிக்கு, முதலில் பையன். திமிர் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன், அதையும் விடப்போவதில்லை.

‘சியாவுல உக்காரு’ என்று நீங்கள் கவலையோடு எழுதியிருப்பதைப் படித்ததும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. நாற்காலிக்கு ஸ்பானிஷ் சொல்லை எடுத்திருக்கிறான், சரி. ஆனால் அதன் வாலில் தமிழ் வேற்றுமை உருபை ஒட்டியிருக்கிறான். நடுவே ‘வ்’ என்று உடம்படுமெய் போட்டிருக்கிறான். வினையைக் கடைசியில் வைத்திருக்கிறான். நாமெல்லாம் பள்ளியில் திட்டு வாங்கி மனப்பாடம் செய்த புணர்ச்சி விதியை, யாரும் சொல்லித்தராமல், வேற்றுமொழிச் சொல்லின் மேலேயே நடத்திக் காட்டுகிறான். இது மொழிக் குழப்பம் அல்ல. பையனிடம் தமிழ் இலக்கணம் உறுதியாக இருக்கிறது. சொற்களை மட்டும் நாள் முழுக்க இருக்கும் இடத்திலிருந்து கடன் வாங்குகிறான். நீங்களும் உங்கள் கடிதத்தில் ‘டே கேர்’, ‘பில்’, ‘பார்க்’ என்று அதைத்தான் செய்திருக்கிறீர்கள்.

இரண்டு மூன்று மொழி கேட்டு வளர்வதால் பிள்ளைக்குப் பேச்சு தாமதமாகாது. இது எங்கள் துறையில் முடிந்துபோன விவாதம். பேச்சில் உண்மையான சிக்கல் உள்ள பிள்ளைக்கு ஒரே மொழி கேட்டு வளர்ந்தாலும் அந்தச் சிக்கல் இருக்கும். மொழியைக் குறைத்தால் அது போய்விடாது. பையனுக்கு எத்தனை சொற்கள் தெரியும் என்று பார்க்க நினைத்தால் மூன்று மொழியையும் கூட்டித்தான் எண்ண வேண்டும். இங்கிலீஷ் பக்கத்தை மட்டும் எண்ணினால் எந்தப் பன்மொழிப் பிள்ளையும் பின்தங்கியதாகத்தான் தெரியும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. தமிழிலாவது மூன்று நான்கு சொல் சேர்த்துப் பேசுகிறானா? பாட்டியோ பெரியம்மாவோ வீடியோ காலில் அவன் சொல்வதில் பெரும்பகுதியைப் புரிந்துகொள்கிறார்களா? ‘செருப்பைக் கழட்டி வச்சுட்டு, கை கழுவிட்டு வா’ என்றால் இரண்டையும் செய்கிறானா? பொம்மைக்குச் சோறு ஊட்டுவதுபோல் கற்பனையாக விளையாடுகிறானா? முன்பு சொல்லிக்கொண்டிருந்த சொற்களை விட்டுவிட்டானா? இவற்றில் எதிலாவது சந்தேகம் இருந்தால் குழந்தை மருத்துவரிடம் முதலில் காது கேட்கும் திறனைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். டே கேர் பிள்ளைகளுக்கு அடிக்கடி சளி பிடித்து நடுக்காதில் நீர் கோர்ப்பது சாதாரணம். அப்போது எல்லா மொழியும் தண்ணீருக்குள்ளிருந்து கேட்பதுபோல்தான் கேட்கும். அடுத்து, மூன்று வயது முடிந்த பிள்ளைகளுக்கு மாவட்டப் பொதுப்பள்ளி நிர்வாகமே இலவசமாக மதிப்பீடு செய்யும். பிள்ளைக்குப் பழகிய மொழியில், முடிந்தவரை, அதைச் செய்ய வேண்டும் என்று மத்திய சட்டம் சொல்கிறது. தமிழ் தெரிந்தவர் அவர்களிடம் இருக்க மாட்டார் என்று நீங்களே முடிவு செய்துவிடாமல், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்.

உங்கள் கணவரின் யோசனை எனக்குப் பழக்கமானது. என்னிடம் வரும் நம்மவர் குடும்பங்களில் பாதிப்பேர் அதைச் செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். வீட்டில் இங்கிலீஷுக்கு மாறியதும் என்ன நடக்கிறது? ‘கம்’, ‘ஈட்’, ‘சிட்’, ‘டோன்ட் டச்’ என்று வீடு கட்டளைக்கூடம் ஆகிவிடுகிறது. தமிழில் நீங்கள் அவனைக் கொஞ்சுவீர்கள், கிண்டல் செய்வீர்கள், பக்கத்து வீட்டுப் பூனை ஏன் மதில்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று கதை விடுவீர்கள், சாப்பிடாமல் அடம்பிடித்தால் பேரம் பேசுவீர்கள். ‘ஏன்’, ‘அப்புறம்’, ‘ஒருவேளை’ எல்லாம் அந்தப் பேச்சில்தான் பிள்ளைக்கு ஏறும். அது ஒரு மொழியில் ஏறினால் அடுத்த மொழிக்கும் கைகொடுக்கும். ஆகவே தமிழை நிறுத்தாதீர்கள். இன்னும் அதிகமாகப் பேசுங்கள்.

இங்கிலீஷ் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். இந்த நாட்டில் அது வராமல் தடுப்பதுதான் கஷ்டம். செப்டம்பர் 1-க்குள் நான்கு வயது நிரம்பும் பிள்ளைகளுக்கு ஃப்ளோரிடாவில் ‘வி.பி.கே.’ என்ற இலவச முன்மழலை வகுப்பு உண்டு, 2005 முதல் நடக்கிறது. அதன் பிறகு கிண்டர்கார்டன். ஆரம்பத்தில் சில மாதங்கள் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டே இருப்பான். பயந்துவிடாதீர்கள், அது இயல்பு. விளையாட்டுத் திடல் இங்கிலீஷ் இரண்டு வருடத்துக்குள் வந்துவிடும். பாடப்புத்தக இங்கிலீஷுக்கு ஐந்து முதல் ஏழு வருடம்கூட ஆகலாம். அதற்கும் தமிழ் தடை இல்லை.

பள்ளியில் சேர்க்கும்போது வீட்டு மொழி பற்றி மூன்று கேள்விகள் கேட்கும் தாள் ஒன்றைத் தருவார்கள். தமிழ் என்று எழுதினால் ‘இங்கிலீஷ் தெரியாத வகுப்பில்’ போட்டுவிடுவார்கள் என்று பயந்து நம்மவர்கள் இங்கிலீஷ் என்று எழுதிவிடுவது உண்டு. அப்படிச் செய்யாதீர்கள். இங்கிலீஷ் கற்க உதவும் அந்த ஏற்பாடு மந்தமான பிள்ளைகளுக்கானது இல்லை. 1990-இல் புலம்பெயர்ந்தோர் அமைப்புகள் ஃப்ளோரிடா கல்வித்துறை மீது வழக்குப் போட்டு, சமரச உடன்படிக்கையாக வாங்கிக்கொடுத்த உரிமை அது. வழக்குப் போட்டவர்களில் முன்னின்றவர்கள் யார் தெரியுமா? நீங்கள் கோபப்படும் ஸ்பானிஷ்காரர்கள்தான். உங்கள் பிள்ளைக்கும் அது உதவுகிறது.

இனி உங்கள் அறுபது வருஷக் கணக்கு. கணக்கு தப்பில்லை. 1959 க்யூபப் புரட்சிக்குப் பின் மயாமிக்கு வந்த முதல் அலையில் டாக்டர்களும் வக்கீல்களும் வியாபாரிகளும் நிறையப் பேர். சீக்கிரம் ஊர் திரும்பிவிடுவோம் என்ற நினைப்பில் வந்தவர்கள். 1960-62-இல் பெற்றோர் துணையில்லாமல் விமானத்தில் ஏற்றி அனுப்பப்பட்ட பிள்ளைகள் மட்டும் 14,000 பேருக்கு மேல். 1963-இல் மயாமியின் கோரல் வே தொடக்கப்பள்ளியில் அரை நாள் இங்கிலீஷ், அரை நாள் ஸ்பானிஷ் என்று இருமொழிக் கல்வி தொடங்கியது. அகதிப் பிள்ளைகளும் உள்ளூர் வெள்ளைக்காரப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் இரண்டையும் படித்தார்கள். 1973-இல் டேட் கவுன்டி (மயாமி அடங்கிய மாவட்டம்) தன்னை இருமொழி, இருபண்பாட்டுப் பகுதி என்று அறிவித்தது.

பிறகுதான் புகைச்சல். 1980 ஏப்ரலிலிருந்து அக்டோபருக்குள் க்யூபாவின் மாரியல் துறைமுகத்திலிருந்து சுமார் 1,25,000 பேர் படகுகளில் வந்து இறங்கினார்கள். அந்த நவம்பரிலேயே, இங்கிலீஷ் தவிர வேறு மொழிக்குக் கவுன்டி பணம் செலவழிக்கக் கூடாது என்று மக்கள் வாக்களித்துச் சட்டம் கொண்டுவந்தார்கள். ‘மயாமியை விட்டுக் கிளம்பும் கடைசி அமெரிக்கர் கொடியையும் எடுத்துக்கொண்டு வரவும்’ என்று கார்களின் பின்னால் ஸ்டிக்கர் ஒட்டிய காலம் அது. நீங்கள் கேட்ட கேள்வியை அப்போதே ஊரே கேட்டிருக்கிறது. 1993-இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. அது இருந்த பதின்மூன்று வருடத்தில் ஸ்பானிஷ் குறையவில்லை, வளர்ந்தது.

ஏன் என்றால், ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். க்யூபர்களுக்குப் பின் நிகராகுவாவிலிருந்து, கொலம்பியாவிலிருந்து, இப்போது வெனிசுவேலாவிலிருந்து. உங்கள் டோரலை ‘டோரல்சுவேலா’ என்று கேலியாகவும் பெருமையாகவும் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். மயாமி-டேட் கவுன்டியின் 27 லட்சம் பேரில் பத்துக்கு ஏழு பேர் லத்தீன் அமெரிக்க வழியினர். பாதிக்கு மேற்பட்டோர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். கிளாம்பாக்கம் பஸ் நிலையத்துக்கு எந்த நேரம் போனாலும் பெட்டியும் கையுமாக ஒரு கூட்டம் நிற்கும். அதைப் பார்த்து ‘இவ்வளவு நாளா யாருமே ஊர் போய்ச் சேரலையா’ என்று கேட்போமா? உங்களிடம் இங்கிலீஷ் தடுமாறும் டே கேர் ஆயா போன வருடமோ அதற்கு முந்தின வருடமோ வந்தவராக இருப்பார். அறுபது வருஷம் முன்பு வந்தவரின் பேத்தியை நீங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். அவள் இங்கிலீஷில் பேசுவதால் அவளை ‘ஸ்பானிஷ்காரி’ என்று உங்கள் கண் எண்ணவில்லை.

இதை என் அபிப்பிராயமாகச் சொல்லவில்லை. அலெஹாந்த்ரோ போர்ட்டஸ், ரூபன் ரும்பாட் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 1992-இல் தென் ஃப்ளோரிடாவிலும் சான் டியேகோவிலும் குடியேறியோரின் பிள்ளைகள் 5,000-க்கும் மேற்பட்டவர்களிடம் ஆய்வு தொடங்கி, வருடக்கணக்கில் அவர்களைப் பின்தொடர்ந்தார்கள். அனேகமாக எல்லோருக்கும் இங்கிலீஷ் நன்றாகத் தெரிந்திருந்தது. பெரும்பான்மையோர் வீட்டு மொழியைவிட இங்கிலீஷையே விரும்பினார்கள். ஸ்பானிஷ் கடை, ஸ்பானிஷ் டி.வி. என்று எல்லாம் இருக்கும் மயாமியிலும் இதே கதைதான். அமெரிக்கா முழுவதும் பார்த்தால், மூன்றாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவர்களுமான லத்தீன் வழியினரில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினரால் ஸ்பானிஷில் சரளமாக உரையாட முடியவில்லை என்று பியூ ஆய்வு மையம் 2023-இல் வெளியிட்டது. சொந்தக்காரர்களே அவர்களை ‘நோ சாபோ’ பிள்ளைகள் என்று கேலி செய்கிறார்கள், ‘எனக்குத் தெரியாது’ என்பதைக்கூடத் தப்பாகச் சொல்லுகிறவர்கள் என்று. இத்தனை கோடிப் பேர் பேசும் மொழிக்கே அமெரிக்காவில் மூன்று தலைமுறைதான் ஆயுள் என்றால், டோரலில் ஒரு வீட்டுக்குள் மட்டும் இருக்கும் தமிழுக்கு எவ்வளவு? உங்கள் வீட்டில் ஆபத்தில் இருப்பது இங்கிலீஷ் இல்லை என்பதற்காகத்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

இப்போது திமிர்.

நம்மவர்கள் அமெரிக்கா வரும்போதே ஒரு படத்தோடு வருகிறோம்: ஸ்பானிஷ் என்றால் புல் வெட்டுகிறவர், ஓட்டல் சமையலறையில் நிற்பவர். வேறு மாநிலங்களில் இருக்கும் சொந்தக்காரர்கள் அப்படித்தான் சொல்லி அனுப்புவார்கள். மயாமியில் அந்தப் படம் பொருந்தாது. இங்கே புல் வெட்டுகிறவரும் ஸ்பானிஷ், உங்கள் இதய டாக்டரும் ஸ்பானிஷ், வங்கி மேலாளரும் ஸ்பானிஷ். போர்ட்டோ ரிக்கோவில் பிறந்த மோரிஸ் ஃபெர்ரே 1973-இல், க்யூபாவில் பிறந்த சேவியர் சுவாரெஸ் 1985-இல் என்று நகரின் மேயர் பதவிக்கே வந்துவிட்டார்கள். கீழே இருக்க வேண்டியவர்கள் என்று நாம் மனசுக்குள் வைத்திருக்கும் ஆட்கள் தயக்கமில்லாமல் தங்கள் மொழியைச் சத்தமாகப் பேசும்போது, அது நமக்குத் திமிராகத் தெரிகிறது. வடநாட்டுப் பசங்கள் ஆறு மாதத்தில் தமிழ் பேசுகிறார்கள் என்றீர்கள். பேசாவிட்டால் மேஸ்திரியிடம் திட்டு, கடையில் ஏமாற்று, சில நாள் சோறும் கிடையாது. தேவை கற்றுக்கொடுக்கிறது. நீங்கள் இரண்டு வருடமாக டோரலில் இருக்கிறீர்கள். உங்களுக்கு அந்தத் தேவை வரவில்லை, அதனால் ஸ்பானிஷும் வரவில்லை. அதை யாரும் திமிர் என்று சொல்லவில்லையே.

இந்த ஊரில் ஸ்பானிஷ் தெரியாததால் உண்மையாகவே நஷ்டப்பட்டவர்கள் உண்டு. பல தலைமுறையாக இங்கே இருக்கும் கறுப்பின மக்கள், ‘இரு மொழி தெரிந்திருக்க வேண்டும்’ என்ற ஒற்றை வரியால் கடை வேலைகூடக் கிடைக்காமல் நின்றிருக்கிறார்கள். அவர்கள் கோபத்துக்கு நான் பதில் சொல்ல மாட்டேன், கேட்டுக்கொள்வேன். பில் கவுன்டரில் உங்களுக்கு நேர்ந்தது அந்த ரகம் இல்லை. அந்தப் பெண் உங்களைத் தன் ஊர்க்காரி என்று நினைத்தாள். இல்லை என்று தெரிந்ததும் முகம் வாடியது. அவ்வளவுதான்.

பார்க் விஷயத்தில் ஒன்று சொல்கிறேன், கோபிக்காதீர்கள். லத்தீன் அமெரிக்கர்களிடம் ஒரு வழக்கம்: ஒரு இடத்துக்குள் நுழைந்தால், டாக்டரின் காத்திருப்பு அறையாக இருந்தாலும் லிஃப்டாக இருந்தாலும், முகம் தெரியாதவர்களுக்கும் பொதுவாக ‘புவெனஸ்’ என்று ஒரு வணக்கம் சொல்வார்கள். சொல்லாமல் போய் உட்காருகிறவரை அகங்காரி என்று எடுத்துக்கொள்வார்கள். நாம் என்ன செய்வோம்? தெரியாதவர்களிடம் எதற்குப் பேச்சு என்று போனை எடுப்போம். அந்த பெஞ்சில் உங்களைப் பற்றியும் இந்நேரம் ‘என்ன திமிர்’ என்று பேச்சு ஓடியிருக்கலாம். நாளைக்குப் போனதும் சொல்லிப் பாருங்கள். டே கேரில் பையனைக் கூப்பிடப் போகும்போதும் ‘சாப்பிட்டானா’ என்று நேராகக் கேட்காமல், முதலில் வணக்கம், நலமா, அப்புறம் கேள்வி. யாராவது கொலாடா வாங்கிவந்தால் மறுக்காதீர்கள். அந்தக் கெட்டிச் சர்க்கரைக் காப்பியோடு குட்டிக் குட்டி ப்ளாஸ்டிக் கப்புகள் தருவதே பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பங்கு போடத்தான். நம்ம டிகிரி காப்பி வாய்க்கு முதல் முறை கசாயம்போல் இருக்கும். பழகிவிடும்.

‘மி அமோர்’ (என் அன்பே) என்று கடைக்காரப் பெண் கூப்பிட்டால் பதறவும் வேண்டாம். ‘கண்ணு’ என்று காய்க்காரம்மா கூப்பிடுவதில்லையா, அந்த மாதிரி.

சட்டத்தைப் பற்றிக் கேட்டீர்கள். 2025 மார்ச் 1-இல் வந்தது அதிபரின் ஆணை. காங்கிரஸ் நிறைவேற்றிய சட்டம் இல்லை. மத்திய அரசு அலுவலகங்களைப் பற்றியது. தனியார் டே கேரில் ஆயா எந்த மொழியில் தாலாட்டுகிறார் என்பதில் அது தலையிடாது. ஃப்ளோரிடா தன் அரசியல் சாசனத்தில் இங்கிலீஷை ஆட்சிமொழி ஆக்கியது 1988-லேயே. அதற்குப் பிறகும் டோரல் இப்படித்தான் இருக்கிறது. அதைவிட முக்கியமாக ஒன்று: வெனிசுவேலாக்காரர்களை ஊருக்குத் திருப்பி அனுப்பாமல் இருக்கக் கொடுத்திருந்த தற்காலிகப் பாதுகாப்பை 2025-இல் அரசு நீக்க முடிவெடுத்து, உச்ச நீதிமன்றமும் அதற்கு வழிவிட்டது. உங்கள் ஊரில் பல வீடுகளில் எந்த நேரம் என்ன கடிதம் வருமோ என்ற பயம் இருக்கிறது. உங்கள் பிள்ளைக்குச் சோறூட்டும் பெண்ணும் அதில் ஒருவராக இருக்கலாம். அவரிடம் போய் ‘சட்டம் இங்கிலீஷ்’ என்றால், மொழி பற்றிய வேண்டுகோளாக அது அவர் காதில் விழாது. மிரட்டலாக விழும். விசாவில் இருக்கும் நமக்கு அந்த பயம் கொஞ்சமாவது தெரியும்.

டே கேரை மாற்ற வேண்டாம். பையன் அங்கே நன்றாகப் பழகியிருக்கிறான் என்றுதான் அவன் பேச்சைப் பார்த்தால் தோன்றுகிறது. உச்சரிப்பும் அவனுக்கு நன்றாக வரும். ‘மஞானா’ (நாளைக்கு) என்ற ஸ்பானிஷ் சொல்லில் வரும் ஞகரத்துக்கு வெள்ளைக்காரப் பிள்ளைகள் திணறுவார்கள், நம் பிள்ளைகளுக்கு அது பிறந்த வீட்டு எழுத்து. ‘ப, த, க’வும் மூச்சுக்காற்று ஊதாமல் தமிழ்போலவே ஒலிக்கும். விரும்பினால் கிண்டர்கார்டனுக்கு இங்கிலீஷும் ஸ்பானிஷும் சேர்த்துக் கற்பிக்கும் பொதுப்பள்ளிகளையும் விசாரியுங்கள், மயாமி-டேடில் உண்டு.

கணவரிடம் இதை மட்டும் தனியாகச் சொல்லுங்கள்: பையன் ஒரு ஸ்பானிஷ் சொல் சொன்னதும் உங்கள் இருவர் முகமும் சுளிப்பதை அவன் பார்க்கிறான். மொழிகளில் மேல் கீழ் உண்டு என்பதை அவன் கற்பது அங்கேதான். கிண்டர்கார்டன் போய் இரண்டே வருடத்தில் இங்கிலீஷ் எல்லாவற்றுக்கும் மேலே என்று தெரிந்துகொள்வான். அப்புறம் பள்ளி வாசலில் ‘அம்மா, இங்க தமிழ்ல பேசாதே’ என்பான். சுளிக்காதீர்கள். ‘அவங்க லெச்சேன்னு சொல்வாங்க, நாம பால்னு சொல்வோம்’ என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு டம்ளரைக் கொடுங்கள். திருத்தவும் வேண்டாம், மறுபடி சொல்லச் சொல்லிப் படுத்தவும் வேண்டாம்.

டாம்பா போவதென்றால் வேலைக்காகப் போங்கள், வாடகைக்காகப் போங்கள். ஸ்பானிஷுக்குத் தப்பித்துப் போவதாக நினைத்தால் ஏமாற்றம்தான்: அங்கே ஈபோர் சிட்டியில் க்யூபாவின் சுருட்டுத் தொழிலாளர்கள் 1880-களிலேயே வந்து குடியேறிவிட்டார்கள்.

உடனே செய்ய வேண்டியது ஒன்று. பையன் பாட்டியோடு பேசும்போது ஒரு பத்து நிமிடமும், டே கேர் தோழனோடு விளையாடும்போது ஒரு பத்து நிமிடமும் போனில் பதிவு செய்யுங்கள். தோழன் வீட்டாரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அவன் சொன்னதை அப்படியே எழுதி, எந்தச் சொல் எந்த மொழி என்று பக்கத்தில் குறித்து, மருத்துவரிடம் போகும்போது கையோடு எடுத்துப் போங்கள். ஸ்பானிஷ் சொற்கள் புரியாவிட்டால் டே கேர் ஆயாவிடம் கேளுங்கள், உட்கார்ந்து சொல்லித்தருவார்.